25,000 ரூபாய் போன்ல கேமரா நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

20,000 ரூபாயிலிருந்து 35,000 வரைக்கும் உள்ள போன்களை வரிசையா எடுத்து வச்சுப் பாருங்க. பிராசஸர் எல்லாத்துலயும் போதுமான வேகம். பேட்டரி 5,000 எம்ஏஎச் அல்லது அதுக்கு மேல. டிஸ்பிளே பெரும்பாலும் அமோலெட், 120 ஹெர்ட்ஸ். வாட்ஸ்அப், யூபிஐ, யூடியூப், ஆபீஸ் மெயில் இவ்வளவுதான் உபயோகம்னா 20,000 ரூபாய் போனுக்கும் 32,000 ரூபாய் போனுக்கும் உங்க கைக்கு வித்தியாசமே தெரியாது. அப்போ அந்த மேல்படி 12,000 எதுக்கு? கடையில கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கேமரா சார்."

ஆக, நீங்க கேமராவுக்கு 12,000 ரூபாய் தனியா குடுக்கறீங்க. கையில 30,000 வாங்கறவருக்கு அது பன்னிரண்டு நாள் உழைப்பு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்சு குடுக்கணும் இல்லையா? எந்த மாடல் வாங்கணும்னு இங்க நான் சொல்லப் போறதில்ல. இன்னைக்குச் சொன்னா மூணு மாசத்துல அது பழசாயிடும். எந்த போனைக் கையில குடுத்தாலும் நீங்களே எடை போடறது எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல உங்க கேலரியை ஆடிட் பண்ணுங்க

ஒரு கம்பெனியை ஆடிட் பண்ணும்போது எல்லா வவுச்சரையும் நாங்க பார்க்கறதில்ல. கொஞ்சம் சாம்பிள் எடுப்போம். அதுலயே அந்தக் கம்பெனியோட குணம் தெரிஞ்சுடும். அதே வேலையை உங்க கேலரியில பண்ணுங்க. கடைசியா எடுத்த 200 படங்களைத் திறந்து வச்சு இனம் பிரிங்க: ஸ்கிரீன்ஷாட், பில்லும் டாக்குமெண்டும், வெயில்ல எடுத்தது, வீட்டுக்குள்ள ஆட்களை எடுத்தது, ராத்திரியில எடுத்தது, செல்ஃபி, ஜூம் பண்ணி எடுத்தது, வீடியோ.

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சுட்டு இப்பதான் முதல் வேலைக்குப் போன ஒரு பையன், 34,000 ரூபாய் போன் ஒண்ணைக் காட்டி "அண்ணா, இதுல ஜூம் செமையா இருக்கு, எடுக்கட்டுமா?"ன்னு கேட்டான். இந்த ஆடிட்டைப் பண்ணச் சொன்னேன். பாதிக்கு மேல ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும். ஜூம் போட்டது ரெண்டே ரெண்டு, ரெண்டுமே நிலா. மீதியில முக்கால்வாசி ஊர்ல இருக்கற அவன் பாட்டி. 84 வயசு. டியூப்லைட் வெளிச்சத்துல, அடுப்படியில, திண்ணையில சாயங்கால நேரத்துல. அந்தப் படங்கள்ல பலதும் கலங்கித்தான் இருந்துச்சு. அவனுக்குத் தேவை ஜூம் இல்ல. மங்கின வெளிச்சத்துல மெயின் கேமரா ஒழுங்கா எடுக்கணும், பாட்டி பேசறது வீடியோவுல தெளிவாக் கேக்கணும். இந்த ரெண்டுக்கும் 34,000 தேவைப்படாம போகலாம்.

இன்னொண்ணு, காசு செலவில்லாதது. இப்ப இருக்கற போனோட கேமரா கண்ணாடியை ஒரு நல்ல பருத்தித் துணியால துடைச்சுட்டு ஒரு வாரம் எடுத்துப் பாருங்க. "கேமரா போயிடுச்சு"ங்கற புகார்ல நிறைய, விரல் எண்ணெய்தான்.

மெகாபிக்சல் கணக்கு

பெட்டி மேல பெருசா அச்சடிக்கற எண் இதுதான்: 50, 64, 108, 200. மெகாபிக்சல்னா படத்துல எத்தனை பத்து லட்சம் புள்ளிங்கற எண்ணிக்கை, அவ்வளவுதான். உங்களுக்கு எத்தனை தேவைன்னு கணக்குப் போடுவோம். ஃபுல் எச்டி திரை 1920 பெருக்கல் 1080, அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 4கே டிவி 3840 பெருக்கல் 2160, 8.3 மெகாபிக்சல். ஏ4 தாள் முழுக்க நல்ல தரத்துல பிரிண்ட் போட 9 மெகாபிக்சல் இருந்தாப் போதும்.

108 மெகாபிக்சல் போன் வாங்கினவர் சாதாரணமா எடுக்கற படத்தோட டீடெயில்ஸைத் திறந்தா 12 மெகாபிக்சல்னுதான் இருக்கும். ஏமாத்து வேலை இல்ல. அந்த சென்சார் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குது, 108-ஐ 9-ஆல வகுத்தா 12. 50 மெகாபிக்சல்ல நாலு நாலா சேர்த்தா 12.5. 200-ல பதினாறு பதினாறா சேர்த்தாலும் அதே 12.5. இதுக்கு பிக்சல் பின்னிங்னு பேர். வெளிச்சம் கம்மியா இருக்கும்போது சின்னச் சின்னப் புள்ளிகள் தனித்தனியா வாங்கற வெளிச்சம் பத்தாது, அதனால கூட்டணி. ஆக, 50-ம் 108-ம் 200-ம் கடைசியில உங்க கைக்கு வர்றது கிட்டத்தட்ட ஒரே அளவு படம்.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. 2022-ல கூகுள் பிக்சல் 6ஏ இந்தியாவுல 43,999 ரூபாய்க்கு வந்தப்போ அதோட மெயின் கேமரா 12.2 மெகாபிக்சல்தான். அதே சென்சாரை கூகுள் 2018-ல வந்த பிக்சல் 3-லயே வச்சிருந்தாங்க. கேமராவுக்காகவே அந்த போனை வாங்கினவங்க நிறைய பேர்.

பின்பக்கம் மூணு, நாலு கண்ணு இருந்தா அதையும் எண்ணாதீங்க. "2 மெகாபிக்சல் மேக்ரோ", "2 மெகாபிக்சல் டெப்த்"னு போட்டிருந்தா அதுங்களுக்கு மதிப்பு பூஜ்யம்னு எழுதிக்கங்க. பேலன்ஸ் ஷீட்டுல காட்டறதுக்காக வச்ச சொத்து மாதிரி, இருக்கு, ஆனா எதுக்கும் உதவாது.

பெட்டியில சின்ன எழுத்துல இருக்கறதைப் படிங்க

ஸ்பெக் ஷீட்ல மெகாபிக்சலுக்குப் பக்கத்துல 1/1.56 இன்ச், 1/1.95 இன்ச், 1/2.76 இன்ச்னு ஒரு பின்னம் இருக்கும். இதுதான் சென்சாரோட அளவு. பிராண்டோட வெப்சைட்ல சில நேரம் மறைச்சுடுவாங்க, ஜிஎஸ்எம்அரீனா மாதிரி தளத்துல தேடினா பெரும்பாலும் கிடைக்கும். பின்னம்ங்கறதால கீழ இருக்கற எண் சின்னதா இருந்தா சென்சார் பெருசு. பழைய வீடியோ கேமரா டியூப் காலத்து அளவுமுறை இது, அதனால நிஜ இன்ச்சா எடுத்துக்க வேண்டாம். ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

மழையில பாத்திரம் வைக்கற மாதிரிதான். வாய் அகலமான அண்டாவுல சீக்கிரம் தண்ணி சேரும், டம்ளர்ல சேராது. 1/1.56 சென்சாரோட பரப்பு 1/1.95 சென்சாரை விட ஒன்றரை மடங்கு. 1/2.76-ஐ விட மூணு மடங்கு. வெயில்ல இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, அங்க டம்ளரும் நிறைஞ்சுடும். டியூப்லைட் வெளிச்சத்துலதான் குட்டு வெளிப்படும்.

மிட்ரேஞ்ச் போன்ல பெரும்பாலான விளம்பரம் மெயின் கேமராவைப் பத்தி மட்டும்தான் இருக்கும். அல்ட்ராவைடு 8 மெகாபிக்சல், 1/4 இன்ச்னு கீழ போட்டிருப்பாங்க. மெயின் 1/1.95-ஆ இருந்தாக்கூட அல்ட்ராவைடோட பரப்பு அதுல நாலுல ஒரு பங்குதான். குரூப் போட்டோ எடுக்க வைடுக்கு மாத்தினதும் படம் சேறு மாதிரி ஆகறது இதனாலதான். ரெண்டடி பின்னால போய் மெயின் கேமராவுல எடுங்க.

எஃப் 1.8, எஃப் 2.2-ன்னு வர்றது லென்ஸோட வாய். இங்கயும் சின்ன எண்தான் நல்லது. 1.8-ல 2.2-ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சம் உள்ள வரும்.

அடுத்தது ஓஐஎஸ். இது இருக்கா இல்லையாங்கறது, என்னைக் கேட்டா, இந்த விலையில மெகாபிக்சலை விட முக்கியமான கேள்வி. உங்க கை நடுங்கும்போது லென்ஸோ சென்சாரோ எதிர்த்திசையில நகர்ந்து அதைச் சமாளிக்கும். அதனால கேமரா கொஞ்சம் அதிக நேரம் கண்ணைத் திறந்து வச்சு வெளிச்சம் வாங்க முடியும். இஐஎஸ்னு மட்டும் போட்டிருந்தா அது சாஃப்ட்வேர், வீடியோவோட ஓரத்தை வெட்டி ஆட்டத்தைக் குறைக்கும். போட்டோவுக்கு உதவாது. ரெண்டும் வேற வேற. ஆனா ஓஐஎஸ்-க்கும் ஒரு எல்லை இருக்கு: உங்க கை ஆட்டத்தைத்தான் அது சரி பண்ணும், எதிர்ல ஓடற குழந்தையை நிறுத்தாது. பாட்டி உக்கார்ந்திருந்தா ஓஐஎஸ் பெரிய வரம். ரெண்டு வயசுப் பையன் வீடு முழுக்க ஓடறான்னா பெரிய சென்சாரும் வேகமான ஷட்டரும்தான் வேணும்.

ஜூம் பத்தி ஒரு வரி. தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருக்கான்னு மட்டும் பாருங்க. 2025 மார்ச்சுல 24,999 ரூபாய்க்கு வந்த நத்திங் போன் 3ஏ-ல 2 மடங்கு டெலிஃபோட்டோ குடுத்தாங்க, அதாவது இந்த விலையில முடியாத காரியம் இல்ல. தனி லென்ஸ் இல்லாம "30 மடங்கு ஜூம்"னு போட்டிருந்தா அது படத்தை வெட்டிப் பெருசாக்கறதுதான், அதை நீங்க கேலரியிலயே விரலால பண்ணிக்கலாம்.

காகிதத்துல தெரியாத விஷயம்

இவ்வளவும் பார்த்த பிறகும் நீங்க ஏமாற வாய்ப்பிருக்கு, ஏன்னா படத்தைப் பாதி உருவாக்கறது சாஃப்ட்வேர். 2021-ல வந்த ஒன்பிளஸ் நார்டு 2-லயும் 2022-ல வந்த நத்திங் போன் 1-லயும் இருந்தது ஒரே சோனி ஐஎம்எக்ஸ்766 சென்சார், ரெண்டுலயும் ஓஐஎஸ். ஆனா ரெண்டும் ஒரே மாதிரிப் படம் தரல. நிறம், முகத்தோட தெளிவு, நிழல் எவ்வளவு தூக்கிக் காட்டறதுங்கறதெல்லாம் அந்தந்தக் கம்பெனியோட முடிவு. ஒரே அரிசிதான், சோறு வடிக்கற கை வேற.

நம்ம ஆட்களுக்கு இதுல ஒரு தனிப் பிரச்சினை. சுவத்துக்கு வெள்ளையடிக்கற மாதிரி முகத்துக்கு வெள்ளையடிக்கற பழக்கம் பல போன்ல இருக்கு, முக்கியமா செல்ஃபியில. பியூட்டி மோடை அணைச்ச பிறகும் மாநிறம் வெளுத்துத் தெரிஞ்சா அந்த போன் உங்க வீட்டு ஆட்களை வேற யாரோவா மாத்தும். பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைத் திறக்கும்போது அம்மாவோட நிஜ நிறம் அதுல இருக்கணும், எனக்கு அது முக்கியம்.

விளம்பரப் படத்தை நம்பாதீங்கன்னு சொல்லத் தேவையில்ல, ஆனா எவ்வளவு தூரம் போவாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. 2012-ல நோக்கியா லூமியா 920-ஓட ஓஐஎஸ்-ஐக் காட்டற விளம்பர வீடியோ அந்த போன்ல எடுத்ததே இல்லன்னு வெளிய வந்து, நோக்கியா மன்னிப்புக் கேட்டுச்சு. 2018-ல எகிப்துல ஹுவாவே நோவா 3-க்கு வந்த விளம்பரத்துல செல்ஃபி எடுக்கற மாதிரி காட்டின காட்சிக்குப் பின்னால டிஎஸ்எல்ஆர் கேமரா இருந்தது, நடிச்சவங்களே போட்ட ஒரு படத்தால தெரிஞ்சுது.

யூடியூப் ஒப்பீட்டு வீடியோக்களும் ஓரளவுக்குத்தான் உதவும். நானே வீடியோ போடற ஆள்தான், அதனால தைரியமா சொல்றேன். நீங்க ஃபுல் எச்டியில பார்த்தா அது 2 மெகாபிக்சல், அதுலயும் கம்ப்ரஸ் பண்ணது. நிறம், ஆட்டம், ஆடியோ தெரியும். முடியிழை தெரியாது. ஜிஎஸ்எம்அரீனா ரிவ்யூல முழு அளவு சாம்பிள் படங்கள் இருக்கும், லேப்டாப்ல திறந்து பெருசாக்கிப் பாருங்க. ராத்திரி படங்களை மட்டும் பார்த்தாலே போதும்.

கடையில இருபது நிமிஷம்

ஆன்லைன்லதான் வாங்கப் போறீங்கன்னாலும் ஒரு தடவை கடைக்குப் போங்க. கூட ஒரு ஃபிரண்டைக் கூட்டிட்டுப் போங்க, அவர்தான் மாடல். உங்க பழைய போனையும் எடுத்துக்கோங்க, ஒவ்வொரு ஷாட்டையும் அதுலயும் எடுக்கணும். புதுசு பழசை விட எவ்வளவு மேலங்கறதுதான் நீங்க காசு குடுக்கற விஷயம்.

டெமோ போன் லென்ஸை முதல்ல துடைங்க, ஊரே தொட்டிருக்கும். பியூட்டி மோடு ஆஃப். கடை லைட்டு வெளிச்சத்துல எடுத்துட்டு "சூப்பர்"னு முடிவு பண்ணாதீங்க, அந்த வெளிச்சத்துல 9,000 ரூபாய் போனும் அழகாத்தான் எடுக்கும். கவுன்ட்டருக்குக் கீழ, மாடிப்படி ஓரம், குடோன் கதவுப் பக்கம்னு கடையில இருட்டான இடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஃபிரண்டை அங்க நிக்க வச்சு எடுங்க. பிறகு பெருசாக்கி புருவத்தையும் சட்டை நெசவையும் பாருங்க. புருவம் இழை இழையாத் தெரியணும். மையால வரைஞ்ச மாதிரி, முகம் மெழுகு பொம்மை மாதிரி இருந்தா, சாஃப்ட்வேர் புள்ளிகளைத் துடைக்கற பேர்ல முகத்தையே துடைச்சிருக்குன்னு அர்த்தம்.

அடுத்து வாசல் கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டி நிக்கச் சொல்லுங்க, பின்னால ரோடு வெயில். முகமும் தெரியணும், ரோடும் வெளுத்துப் போகாம இருக்கணும். கல்யாண மண்டபத்து ஜன்னல் ஓரப் படம், பஸ் உள்ள எடுக்கற படம் எல்லாம் இந்தப் பரீட்சைதான்.

இப்ப அவரைச் சும்மா நடக்கச் சொல்லி அஞ்சு ஷாட் எடுங்க. அஞ்சுல எத்தனை தெளிவா வந்துச்சு? இதைத்தான் நான் ரொம்ப மதிப்பேன். பத்துல ஒரு பிரமாதமான படத்தை விட, பத்துல எட்டு உருப்படியான படம் தர்ற போன்தான் குடும்பத்துக்கு. பட்டனை அழுத்தினதுக்கும் படம் விழுந்ததுக்கும் நடுவுல தாமதம் இருக்கான்னும் இதுலயே தெரிஞ்சுடும்.

மெயின்லயும் அல்ட்ராவைடுலயும் ஒரே இடத்தை எடுத்து நிறம் மாறுதான்னு பாருங்க. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம்னா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. அப்புறம் இருபது செகண்ட் வீடியோ: கடைக்குள்ளேர்ந்து வாசல் வரைக்கும் நடந்துக்கிட்டே, ஃபிரண்ட் பேசிக்கிட்டே வரணும். வெளிச்சம் மாறும்போது படம் பொசுக்குனு வெளுக்குதா, ஆட்டம் எப்படி, குரல் கேக்குதான்னு பாருங்க. ஸ்பெக்ல 4கே இருக்கும், ஆனா ஸ்டெபிலைசேஷன் ஃபுல் எச்டியில மட்டும் வேலை செய்யற போன்கள் உண்டு. ரெண்டுலயும் எடுத்துப் பார்த்துடுங்க.

கடைக்காரர் சம்மதிச்சா படங்களை உங்க போனுக்கு அனுப்பிக்கோங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், சோதனையே வீண். வரும்போது டெமோ போன்ல இருந்து ஃபிரண்ட் மூஞ்சியை டெலீட் பண்ணிட்டு வாங்க, பாவம்.

கேமராவோட மாதாந்திரச் செலவு

4கே வீடியோ ஒரு நிமிஷத்துக்கு பல போன்ல 300-லிருந்து 400 எம்பி எடுக்கும். கூகுள் போட்டோஸ்ல வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுது. இப்ப இலவசம் 15 ஜிபி, அதுலயும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. கணக்குப் போட்டா சுமார் 40 நிமிஷ 4கே வீடியோவுல அது தீர்ந்துடும். 100 ஜிபி திட்டம் மாசம் 130 ரூபாய் அளவுல வருது, நாலு வருஷத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல. கேமரா நல்லா இருந்தா நிறைய எடுப்பீங்க, நிறைய எடுத்தா இடம் வாங்குவீங்க. போன் பட்ஜெட்ல இதையும் சேர்த்து எழுதுங்க. 128 ஜிபி மாடலுக்கும் 256-க்கும் ரெண்டாயிரம், மூவாயிரம்தான் வித்தியாசம்னா 256 எடுக்கறது பெரும்பாலும் லாபம், ஆனா போன் தொலைஞ்சா படமும் போகும்ங்கறதை மறக்காதீங்க.

விலையை வருஷத்தால வகுத்துப் பாருங்க. கம்பெனிச் சட்டத்துல லேப்டாப்புக்கே ஆயுள் 3 வருஷம்னுதான் போட்டிருக்கு. 24,000 ரூபாய் போனை 3 வருஷம் வச்சிருந்தா வருஷத்துக்கு 8,000. 32,000 ரூபாய் போனை 4 வருஷம் வச்சிருந்தாலும் அதே 8,000. கேமரா திருப்தியா இருந்து இன்னொரு வருஷம் தாங்கும்னா அதிக விலை நியாயம். மூணாவது வருஷமே மாத்தற கை உங்களோடதுன்னா நியாயம் இல்ல. அப்டேட் எத்தனை வருஷம்னு இதனாலதான் பார்க்கணும்: பிக்சல் 8ஏ-க்கு 7 வருஷம், சாம்சங் கேலக்ஸி ஏ56-க்கு 6 வருஷம்னு அறிவிச்சிருக்காங்க. எத்தனையோ போனுக்கு அதுல பாதிகூட இல்ல.

தங்கச்சி கல்யாணம் வருதுன்னு மட்டும் போன் மாத்தாதீங்க. அங்க போட்டோகிராபர் இருப்பார், அவருக்கு ஏற்கனவே காசு குடுத்தாச்சு.

நோ காஸ்ட் இஎம்ஐ-ங்கற பேரையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. 30,000 ரூபாய் போன், மாசம் 5,000 வீதம் 6 மாசம். வங்கி வட்டி 16%னு வச்சுக்குவோம். கடை சுமார் 1,350 ரூபாய் தள்ளுபடி காட்டும், வங்கி அதே 1,350-ஐ வட்டியா எடுத்துக்கும். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 243 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 478 ரூபாய். பெரிய தொகை இல்ல, ஆனா "நோ காஸ்ட்" இல்ல. முழுப் பணம் கட்டினா மட்டும் கிடைக்கற கார்டு தள்ளுபடி 2,000 இருந்து அதை விட்டுட்டீங்கன்னா நிஜ நஷ்டம் அதுதான். போன் விலை ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பணத்தை முன்னாடியே சேர்த்து வச்சு வாங்கணும். என்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். அந்தப் பையன் இப்ப 23,000-ல ஓஐஎஸ் இருக்கற ஒண்ணை எடுத்து, மிச்சம் 11,000-ஐ எமர்ஜென்சி ஃபண்டுல போட்டிருக்கான்.

போன் வந்த அன்னைக்கே ஒரு வேலை. ஆன்லைன்ல போனுக்கு பெரும்பாலும் 7 நாள் மாற்றித் தர்றதுதான், பணம் திரும்ப வராது, அதுவும் குறை இருந்தாத்தான். அதனால செய்தித்தாள் ஒரு பக்கத்தைச் சுவத்துல ஒட்டி, நேரா நின்னு நல்ல வெளிச்சத்துல எல்லா லென்ஸ்லயும் ஒரு படம் எடுங்க. நாலு மூலையையும் பெருசாக்குங்க. எல்லா மூலையும் லேசா மங்கலா இருந்தா சகஜம். ஒரு மூலை மட்டும், இல்ல ஒரு பக்கம் மட்டும் கலங்கி இருந்தா லென்ஸ் கோணலா உக்கார்ந்திருக்கு. அந்தப் படங்களோட அன்னைக்கே புகார் போடுங்க, எட்டாவது நாள் வரைக்கும் வைக்காதீங்க.